அப்பாவுக்குப் பிறகும் கடை நடக்க: குடும்பத் தொழிலுக்கு நிர்வாக ஏற்பாடு செய்யும் முறை

மதுரையில் மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் ஒரே பெயரில், அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் தம்பி. இரண்டு கல்லாவுக்கு மேலும் ஒரே தாத்தாவின் படம். இருவருமே வியாபாரம் தெரிந்தவர்கள்தான். சரக்கு விற்காமல் பிரிந்த குடும்பங்கள் குறைவு. யாருக்கு எவ்வளவு, யார் சொல்வது முடிவு, விலகினால் என்ன கிடைக்கும் என்ற மூன்று கேள்விக்கும் அப்பா இருந்தவரை அவர் வாய்ச்சொல்தான் பதில். அவருக்குப் பிறகு சொல்ல ஆளும் இல்லை, எழுதிய தாளும் இல்லை.

அந்தத் தாளை எழுதும் முறைதான் இது. இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் மொத்தக் கடை, ஹோட்டல், கப்பலூர் சிட்கோவில் உள்ள பட்டறை, சுங்குடிச் சேலை வியாபாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆடிட்டர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர் துணை வேண்டும். பெரியவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே தொடங்குங்கள். மருத்துவமனைப் படுக்கையில் போட்ட கையெழுத்து எதுவானாலும் பின்னால் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்.

பயந்துகொண்டு தொடங்க வேண்டாம். 'மூன்றாம் தலைமுறைக்கு 13 சதவீதம்தான் தேறும்' என்று மேடைகளில் சொல்லப்படும் கணக்கு, அமெரிக்காவின் இல்லினாய் மாநில உற்பத்தி நிறுவனங்களை வைத்து ஜான் வார்டு செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. தொழிலை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போன குடும்பமும் அதில் தேறாதவர்கள் பட்டியலில்தான் சேரும். நம் ஊர்க் கடைக்கு அது ஜாதகம் ஆகாது.

படி 1: எது யார் பேரில் இருக்கிறது

ஒரு நோட்டில் இடப்பக்கம் சொத்தையும் உரிமத்தையும், வலப்பக்கம் அது யார் பேரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கடைக் கட்டடம், குடோன், பத்திரம் யார் பேரில், பட்டா யார் பேரில். வாடகைக் கடை என்றால் வாடகை உரிமை யாருடையது? கோயில் கடையோ மாநகராட்சிக் கடையோ என்றால் இது மிக முக்கியம். தாத்தா பேரிலேயே ரசீது வந்துகொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மின் இணைப்பு, ஜி.எஸ்.டி. பதிவு, உணவு உரிமம், டிரேட்மார்க், வங்கிக் கணக்கு, ஓ.டி. கடன் (கணக்கில் இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன்), அதற்கு ஜாமீன் போட்டவர்கள், அடமானத்தில் இருக்கும் வீடு. உறவுக்காரர்களிடம் வாங்கிய கைமாற்று, மனைவி நகையை வைத்து வாங்கிய கடன், இவற்றையும் விடாமல் எழுதுங்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டை. பல கடைகளில் அது நிறுவனத்தின் கணக்கோடு இணைக்கப்படாமல், அமைத்துக்கொடுத்த பையனின் சொந்தச் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கும். ஒரு நாள் விற்பனையில் பாதி அதன் வழியாக வருகிறது என்றால், கடையின் பாதிப் பணம் ஒருவர் செல்போனுக்குள் போகிறது. வருமான வரிக்கும் சிக்கல், அண்ணன் தம்பிக்குள்ளும் சந்தேகம். முதல் வேலையாக இதை மாற்றிவிடுங்கள்.

இந்தப் பட்டியல் எழுதும்போதே பாதிச் சண்டைக்கான காரணங்கள் வெளியே வந்துவிடும். சின்னவர் வீட்டுப் பத்திரம் பதினைந்து வருடமாக வங்கியில் இருக்கும், பெரியவர் வீட்டுக்கு ஒரு வில்லங்கமும் இருக்காது. வீட்டுப் பெண்கள் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருந்த குறைகள் பெரும்பாலும் இவைதான்.

படி 2: சம்பளம், வட்டி, லாபம்: மூன்றையும் பிரித்தல்

1978-இல் ஹார்வர்டில் ரெனாடோ தாகியூரி, ஜான் டேவிஸ் என்ற இருவர் குடும்பத் தொழிலை ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் மூன்று வட்டங்களாக வரைந்து காட்டினார்கள்: குடும்பம், உரிமை, தொழில். ஒரே ஆள் மூன்று வட்டத்திலும் நிற்கலாம், ஒன்றில் மட்டும் நிற்கலாம். கட்டிக்கொடுத்த மகள் குடும்ப வட்டத்தில் இருக்கிறாள், உரிமை வட்டத்திலும் இருக்கலாம், கடைக்கு வருவதில்லை. இருபது வருடமாகக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை தொழில் வட்டத்தில் மட்டும் இருக்கிறார். யார் எந்த வட்டத்தில் நின்று பேசுகிறார் என்று தெரியாமல் பேசுவதால்தான் பேச்சு முற்றுகிறது.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. உழைப்புக்குச் சம்பளம், போட்ட பணத்துக்கு வட்டி, உரிமைக்கு லாபம். கணக்கில் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். 'வேண்டும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வோம்' என்ற பழக்கம் இருக்கும்வரை எந்த விதியும் நிற்காது என்பது எங்கள் உறுதியான கருத்து. வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

வெளியாள் ஒருவரை வைத்தால் அந்த வேலைக்கு என்ன கொடுப்போமோ அதுதான் சம்பளம். கொள்முதல் பார்க்கும் தம்பிக்கு 50,000 ரூபாய் என்றால், சாயங்காலம் மட்டும் வந்து கல்லாவில் உட்காரும் அண்ணனுக்கும் அதே 50,000 ஆகாது. கூட்டு நிறுவனத்தில் (பார்ட்னர்ஷிப்) இதைக் கூட்டுப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன்படி பத்திரத்தில் சொல்லாவிட்டால் எந்தக் கூட்டாளிக்கும் சம்பளம் கிடையாது, லாபம் எல்லோருக்கும் சமம். வருமான வரியிலும், பத்திரத்தில் சொல்லியிருந்தால்தான் வேலை பார்க்கும் கூட்டாளியின் சம்பளம் செலவாக ஏற்கப்படும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. முதலுக்கான வட்டி 12 சதவீதம் வரை ஏற்கப்படும். 2025 ஏப்ரல் முதல் கூட்டாளிக்குத் தரும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே கழித்துக் கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டும்.

வீட்டுச் செலவு, பிள்ளை படிப்பு, கல்யாணம் ஆகியவற்றுக்கு வருடத்துக்கு இவ்வளவு எடுக்கலாம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரம்பு வையுங்கள். அதற்கு மேல் எடுத்தால் அது கடன், வட்டியோடு அவர் கணக்கில் ஏறும். குலதெய்வக் கோயில் கொடை, மண்டகப்படி போன்றவற்றுக்குத் தனித் தலைப்பு போடுங்கள். அதை யார் கணக்கில் எழுதுவது என்பதிலும் மனக்கசப்பு வரும்.

படி 3: சட்ட உருவமும் பத்திரமும்

தனி உரிமையாளர் பேரில் தொழில் இருந்தால், அவர் இறந்த அன்றே தொழிலின் சட்ட உருவமும் போய்விடுகிறது. வங்கிக் கணக்கு முடங்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் வாரிசு தன் பேரில் புதிய பதிவு எடுத்து, மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை) ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். உணவு உரிமத்துக்கு 90 நாள்தான் அவகாசம். இவை நடப்பதற்குள் தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் கொடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் தலைமுறை கடைக்கு வந்துவிட்டாலே தனி உரிமையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

கூட்டு நிறுவனத்தில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, பத்திரம் வேறாக எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். ஆகவே 'ஒருவர் மறைவால் நிறுவனம் கலையாது, மற்றவர்கள் தொடர்ந்து நடத்துவர்' என்ற வரி கட்டாயம் வேண்டும். இரண்டே பேர் என்றால் அந்த வரியும் காப்பாற்றாது. ஒருவரை மட்டும் வைத்துக் கூட்டு கிடையாது. அண்ணன், தம்பி இருவர் மட்டும் இருக்கும் கடையில் இன்றே மூன்றாவது ஆளாக மனைவியையோ மகளையோ 5 சதவீதத்துக்காவது சேருங்கள்.

இரண்டாவது, பதிவு. பதிவு செய்யாத நிறுவனம் பாக்கி வைத்த வியாபாரி மேல் வழக்குப் போட முடியாது. கடன் கொடுத்து வாங்கும் மொத்தக் கடைக்காரர் இதை விட்டால் எப்படி?

மூன்றாவது, விலகல் அறிவிப்பு. கூட்டாளி விலகினால் பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் வரும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு தர வேண்டும். தராவிட்டால் பின்னால் கடை வாங்கும் கடனுக்கும் விலகியவரைப் பிடிக்கலாம். வங்கி ஜாமீன் இதோடு தீராது. ஜாமீனிலிருந்து விடுவித்ததாக வங்கியிடம் தனிக் கடிதம் கையில் வாங்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் என்றால் ஆள் இறந்தாலும் நிறுவனம் தொடரும், பங்கு மட்டும் வாரிசுகளுக்குப் போகும். அங்கே சதவீதம்தான் பேசும். பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் அன்றாடத் தீர்மானங்கள் கையில். விதிகளை மாற்றுவது போன்ற சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீதம் வேண்டும், ஆகவே 26 சதவீதம் வைத்திருப்பவர் தடுக்கலாம். 10 சதவீதம் இருந்தால் ஒடுக்குமுறை என்று கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மதுரைக்காரர் அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அண்ணன், தம்பி ஆளுக்கு 50 என்று பிரிப்பது பாசமாகத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் முரண்பட்டால் கடை அப்படியே நின்றுவிடும். இருவருக்கும் 49, இருவரும் நம்பும் மூன்றாம் நபருக்கு 2 என்றாவது வையுங்கள்.

இங்கே ஒரு பெரிய குழி உண்டு. 'பங்கை விற்பதென்றால் முதலில் நம் குடும்பத்துக்குள்தான் கேட்க வேண்டும்' என்று அண்ணன் தம்பிகள் பேசி வைத்திருப்பார்கள், தனித்தாளில் எழுதியும் வைத்திருப்பார்கள். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் வழக்கில் இரு சகோதரர் கிளைகள் பங்கு வைத்திருந்த தனியார் நிறுவனம் ஒன்றில் இதே ஏற்பாடுதான். நிறுவனத்தின் சங்க விதிகளில் (ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் உள்விதிகளில்) அது இல்லாததால் நிறுவனத்தையோ பங்குதாரர்களையோ அது கட்டுப்படுத்தாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே குடும்பத்துக்குள் பேசிய விதிகளைக் குடும்ப சாசனம் என்று அழகாக அச்சிட்டு வைப்பதில் பயன் சொற்பம். அதில் பணத்தையும் பங்கையும் தொடும் ஒவ்வொரு வரியும் கூட்டுப் பத்திரத்திலோ சங்க விதிகளிலோ ஏற வேண்டும்.

படி 4: விலகுகிறவருக்கு என்ன விலை

எங்கள் பார்வையில் இதுதான் முழு வேலையின் மையம். விலகும் வழி நியாயமாக இருந்தால் தங்குகிறவர்கள் மனமொத்துத் தங்குவார்கள். வழி இல்லாவிட்டால் பிடிக்காதவரும் உள்ளேயே இருந்து ஒவ்வொரு முடிவையும் தடுப்பார்.

கீழமாசி வீதியில் மூன்று சகோதரர்கள் சம பங்கில் நடத்தும் ஒரு பலசரக்கு மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையில் சரக்கு 1.80 கோடி. வரவேண்டிய பாக்கி 1.20 கோடி, அதில் ஒரு வருடத்துக்கு மேல் நிலுவையில் இருப்பது 20 லட்சம், அதைப் பாதியாக மதித்தால் பாக்கி 1.10 கோடி. ஓ.டி. 90 லட்சம், சரக்குக்குக் கொடுக்க வேண்டியது 60 லட்சம். நிகரம் 1.40 கோடி.

அடுத்து நற்பெயர் மதிப்பு (குட்வில்), அதாவது கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் போடும் விலை. மூன்று வருடச் சராசரி லாபம் 48 லட்சம். ஆனால் மூவரும் சம்பளம் எடுக்கவில்லை. மாதம் 50,000 வீதம் மூவருக்கு வருடம் 18 லட்சம் கழித்தால் உண்மையான லாபம் 30 லட்சம். அதில் இரண்டு வருட லாபம், 60 லட்சம், நற்பெயர் மதிப்பு. மொத்தம் 2 கோடி, விலகும் தம்பிக்கு 66.67 லட்சம்.

சம்பளத்தைக் கழிக்க மறந்தால் அதே கணக்கு 78.67 லட்சம் காட்டும். 12 லட்சம் வித்தியாசம். பஞ்சாயத்துகள் இழுபட இந்த ஒரு வரி போதும். ஒரு தரப்பு ஆடிட்டர் கழித்திருப்பார், மற்றவர் கழித்திருக்க மாட்டார், இருவரும் தாங்கள் சொல்வதுதான் சரி என்பார்கள். எத்தனை வருடச் சராசரி, சம்பளம் கழித்தா கழிக்காமலா, பழைய பாக்கியை எவ்வளவாக மதிப்பது, சரக்கை எண்ணுவது யார் என்பதையெல்லாம் யாரும் விலக நினைக்காத காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணம் தரும் முறையும் முக்கியம். 66.67 லட்சத்தை ஒரே தவணையில் கேட்டால் சரக்கை நஷ்டத்துக்குத் தள்ள வேண்டும். கால் பங்கு, 16.67 லட்சம் உடனே. மீதி 50 லட்சம் மூன்று வருடத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு தவணை என்று 12 தவணை, 9 சதவீத வட்டியோடு. இருக்கிற இருவரும் சம்பளம் எடுத்து, போனவர் இடத்துக்கு ஆள் வைத்த பிறகும் 30 லட்சம் மிஞ்சுகிறது. தவணையும் வட்டியும் முதல் வருடம் சுமார் 20 லட்சம். இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கடை தாங்கும். எந்த ஏற்பாடும் எழுதாமல் கணக்கை முடிக்காமல் விட்டால், சட்டம் விலகியவருக்கு அவர் பணத்தால் வந்த லாபத்தின் பங்கையோ 6 சதவீத வட்டியையோ, எது வேண்டுமென்று தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. வழக்கு முடியும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும்.

விலகியவர் அதே தெருவில் அதே தொழில் செய்யலாமா? கூட்டுப் பத்திரத்தில் நியாயமான கால, இட வரம்போடு தடை எழுதலாம். மூன்று வருடம், இன்னின்ன வீதிகள் என்றால் நிற்கும். வாழ்நாள் முழுக்க, தமிழ்நாடு முழுக்க என்றால் நிற்காது.

பெரிய அளவில் இதைச் செய்தவர்களுக்கு எடுத்துக்காட்டும் மதுரையிலேயே உண்டு. 1911-இல் இங்கே டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தை அவர் 1955-இல் மறைந்த பின் மகன்களின் கிளைகள் தனித்தனி நிறுவனங்களாக நடத்தினாலும், உரிமை மேலே உள்ள நிறுவனங்களில் பின்னிக்கிடந்தது. 2020 டிசம்பரில் நான்கு கிளைகளும் குடும்ப ஏற்பாட்டு ஒப்பந்தம் செய்து, தீர்ப்பாய ஒப்புதலோடு 2022 தொடக்கத்தில் எந்தக் கிளை எதை நடத்துகிறதோ அதன் உரிமையை அந்தக் கிளைக்கே கொண்டு சேர்த்தன. தொழில்கள் நன்றாக ஓடும்போதே இதைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 5: மகள்கள், மனைவி, தாய்

உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியப் பங்கு மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். தாய் இல்லை, மனைவி, இரண்டு மகன், இரண்டு மகள் என்றால் ஆளுக்கு 20 சதவீதம். கடையில் இருக்கும் இரண்டு மகன்களும் சேர்ந்தே 40 சதவீதம்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-இலேயே மணமாகாத மகள்களுக்கு இதைக் கொடுத்தது, 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் விரித்தது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 'சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு' என்பது சட்டத்தில் விடுதலைப் பத்திரம் ஆகாது. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. முஸ்லிம் ஒருவர் வாரிசுகள் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

நாங்கள் சொல்வது: மகளை ஒதுக்கும் வழி தேடாதீர்கள். கடையின் உரிமையை நடத்துகிறவர்களுக்கும், அதற்கு ஈடான வீடு, மனை, வைப்புத்தொகையை மகள்களுக்கும் உயிலில் பிரிக்கலாம். ஈடு இல்லாவிட்டால் லாபப் பங்கு உள்ள, அன்றாட நிர்வாகத்தில் தலையிடாத கூட்டாளியாக வைத்து, ஆண்டுக் கணக்கு பார்க்கும் உரிமையைக் கொடுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். பங்குகளுக்கு நாமினி போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நாமினி வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்லர் என்பது 2023 டிசம்பர் தீர்ப்பு.

படி 6: கூட்டமும் கையெழுத்தும்

மாதம் ஒரு தொழில் கூட்டம், ஒன்றரை மணி நேரம், கடை விடுமுறை நாளில், வீட்டுக்கு வெளியே. விற்பனை, நிலுவை, சரக்கு, ஓ.டி., அடுத்த மாதக் கொள்முதல். கணக்குப்பிள்ளை முதல் நாளே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். முடிவுகளை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, ஆயுத பூஜைக்குப் பிறகும் புதுக்கணக்கு சமயத்திலும், மனைவிமார், வெளியூர் மகள்கள் உட்பட எல்லோரும் கூடும் குடும்பக் கூட்டம். ஆண்டுக் கணக்கை அதில் ஆடிட்டரே விளக்கட்டும். அண்ணன் விளக்கினால் சந்தேகம் மிஞ்சும்.

கையெழுத்து வரம்பு உதாரணமாக இப்படி: 50,000 வரை ஒருவர், 5 லட்சம் வரை இருவர், அதற்கு மேல் எல்லோரும். புதுக் கடன், ஜாமீன், இடம் வாங்குவது, கிளை திறப்பது ஆகியவற்றுக்குத் தொகை எவ்வளவானாலும் எல்லோரும். உறவினருக்குக் கடனில் சரக்கு தருவதற்கும் இதே விதி.

படி 7: அடுத்த தலைமுறை

படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு வருடம் வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை. பிறகு காலி இடம் இருந்தால் மட்டும் கடைக்குள். சம்பளம் அந்த வேலைக்குரியது. வேலையை அவன் அப்பா மதிப்பிடக் கூடாது, சித்தப்பாவோ மேலாளரோ மதிப்பிடட்டும். மருமகன், மருமகள் வேலைக்கு வரலாமா என்பதை யாருக்கும் கல்யாணப் பேச்சு எடுக்காதபோதே முடிவு செய்யுங்கள். பெண் பார்த்த பிறகு பேசினால் அது அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சாகிவிடும்.

படி 8: பலகையில் உள்ள பெயர்

டிரேட்மார்க் நிறுவனத்தின் பேரில் இருக்கட்டும். 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரிந்தால் பெயர் யாருக்கு, மற்றவர் தாத்தா படத்தை வைக்கலாமா, 'அதே பாரம்பரியம்' என்று போடலாமா, எத்தனை மாதத்தில் பலகையும் பையும் பில்லும் மாற வேண்டும் என்று எழுதுங்கள். பெயரை எடுப்பவர் அதற்குத் தனியாக விலை தருவது நியாயம். இருவரும் பயன்படுத்துவதானால் யாருக்கு எந்த ஊர், எந்தச் சரக்கு என்று பிரித்து எழுதாமல் விடாதீர்கள்.

படி 9: சண்டை வந்தால்

பாகப்பிரிவினை வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவதற்குள் பல வருடம் ஓடிவிடும். அதைத் தவிர்க்கும் வரியைப் பத்திரத்திலேயே வையுங்கள். எழுத்துமூலம் குறை சொன்ன 30 நாளுக்குள் நேரில் பேச்சு. தீராவிட்டால் 60 நாள் சமரசம், சமரசர் இன்னார் என்று இப்போதே பெயர் எழுதி, அவர் இல்லாவிட்டால் மாற்று யார் என்றும் எழுதுங்கள். தாய்மாமன், சம்பந்தி வேண்டாம், குடும்பக் கணக்கு பார்க்கும் ஆடிட்டரும் வேண்டாம். அதிலும் முடியாவிட்டால் 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டப்படி ஒரே நடுவர், இடம் மதுரை, விசாரணை தமிழில். இந்தக் காலம் முழுக்க வங்கிக் கணக்கை முடக்கக் கடிதம் கொடுப்பதில்லை, சம்பளமும் சரக்குக்காரர் பணமும் தவறாமல் போகும், இரு தரப்பும் சேர்ந்துதான் காசோலையில் கையெழுத்திடும் என்றும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.